போனில் வந்த பிற்பாதி

வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிந்து, நெரிசலில் அலுவலகம் வந்து சேர்ந்து எழுதுவதற்குள் சினிமாப் பக்கம் அச்சுக்குப் போய்விடும். முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறவன் பெயர் சனிக்கிழமைப் பேப்பரில் வராது. ஆகவே விமர்சகர் இடைவேளையில் எழுந்துவிடுவார். மனைவி உட்கார்ந்திருப்பாள். முதல் பாதியைக் கிழித்துத் தொங்கவிட்டு முடிக்கும் நேரத்தில் அவர் மேசையில் போன் அடிக்கும். தியேட்டர் மேனேஜர் அறையிலிருந்து அவள் பிற்பாதியைச் சொல்வாள்.

"சொல்லு."

"அண்ணன் செத்துட்டான். தம்பி போலீஸ்ல சரணடையறான்."

"ஜனங்க?"

"முன்னாடி ரெண்டு பேர் அழுதாங்க. பின்னாடி சீட்டு கிரீச்சுனு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"போதும். வை."

மறுநாள் பேப்பரில் அந்தச் சத்தம், "இடைவேளைக்குப் பிறகு திரைக்கதையின் மூட்டுகள் தேய்ந்து முனகுகின்றன" என்று வந்திருக்கும்.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாமவரான மேனேஜர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். விமர்சகர் இழவு வீட்டுக்குப் போய், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டு வந்தார்.

சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் உப்புத்தாள். முதல் பத்தாண்டு அவர் முகங்களைத் தேய்த்தார். ஒரு நடிகையைப் பற்றி, "அவர் அழும்போது நமக்கும் அழுகை வருகிறது, டிக்கெட்டை நினைத்து" என்று எழுதினார். ஒரு நகைச்சுவை நடிகரை, "இவர் வரும் காட்சிகளில் தியேட்டரின் மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்கிறது" என்றார். அந்த நடிகரை மேடையில் பார்த்தவர்கள் எல்லோரும் வாயால் மின்விசிறி ஓட்டினார்கள். அவர் தொழிலை விட்டார். பிறகு உயிரையும் விட்டார். இரங்கல் குறிப்பு எழுதும் வேலை உப்புத்தாளுக்கே வந்தது. அந்த மின்விசிறி வரியை அதிலும் சேர்த்தார். வாசகர்கள் அதை எதிர்பார்ப்பார்கள் என்றார்.

இரண்டாவது பத்தாண்டில் அவருக்கு மெதுவான படங்கள் பிடித்துப்போயின. ஒரு வெள்ளிக்கிழமை மனைவி போனில், "குழாய் ஒழுகுதுங்க, ரொம்ப நேரமா ஒழுகுது, ஒருத்தரும் மூடல" என்றாள். "மூடப்படாத அந்தக் குழாய் ஒரு தலைமுறையின் மௌனம்" என்று அவர் எழுதினார். இயக்குநர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். மூன்றாவது பத்தாண்டில் அதே இயக்குநரின் அடுத்த படத்துக்கு, "யாராவது அந்தக் குழாயை மூடுங்கள்" என்று தலைப்பு வைத்தார். இயக்குநர் மறுபடியும் கலங்கினார். இந்த முறை தன் வீட்டிலேயே.

ஒரு பேராசிரியர் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இவருடைய விமர்சனங்கள் அறிவில் தொடங்கி ஈரத்தில் முடிகின்றன, இரண்டு மனிதர்கள் எழுதியது போல இருக்கிறது, இந்தப் பிளவே இவருடைய மேதமை என்றார் அவர். விமர்சகர் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். "நல்லாத்தான் சொல்லியிருக்கார்" என்றபடி அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி எடுத்த ஒரே படம் 'ஈரத்துணி'. அந்த வெள்ளிக்கிழமையும் அவர் இடைவேளையில் எழுந்தார். முதல் பாதி தேவலை. கல்யாணமான புதிதில் ஒரு வீடு, சுத்தமான கணவன், பயந்த மனைவி. மச்சான் தேறிவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு வண்டி ஏறினார். போன் வந்தது.

"குப்பை" என்றாள்.

"கதையில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. விருந்தாளி வராங்க, சாப்பிடறாங்க, போறாங்க. குப்பைங்க. வேற எதுவும் சொல்றதுக்கில்ல."

கூடப்பிறந்தவனையே இவள் இப்படிச் சொல்கிறாளே என்று அவருக்கு ஒரு கணம் ஆச்சரியம். அடுத்த கணம் பெருமை. என்னோடு சேர்ந்து இவளும் ஆளாகிவிட்டாள் என்று நினைத்தார். சொந்தக்காரன் என்று சலுகை காட்டியதாகப் பேர் வரக்கூடாது என்பதால் முதல் பாதியையும் மாற்றி எழுதினார். கடைசியில், "இடைவேளையில் தியேட்டர் வாசலில் ஒரு ரசிகரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதி உள்ளே யார் முகத்திலும் இல்லை" என்று முடித்தார். அந்த ரசிகரை அவர் பார்த்தது தியேட்டர் முகப்பில் மாட்டியிருந்த கண்ணாடியில்.

வரி ஊரெல்லாம் பரவியது. படம் அடுத்த வெள்ளி வரை ஓடவில்லை. மைத்துனன் சில வருஷம் யார் யாரிடமோ உதவியாளனாக இருந்தான். பிறகு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்தான். அக்கா வீட்டுக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை.

இப்போது விமர்சகர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஞாயிறு இணைப்பில் 'மறுபார்வை' என்று வாரம் ஒன்று எழுதுகிறார். பழைய படத்தைத் திரும்பப் பார்த்து, அன்று சொன்னது சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். புதைத்ததைத் தோண்டுவதும் தோண்டியதைப் புதைப்பதுமாக வேலை நன்றாகவே போனது. வீட்டு டிவியில் படம் ஓடும். இடைவேளை வரை பார்ப்பார். பிறகு நாற்காலியிலேயே கண் அசந்துவிடுவார். எழுந்ததும், "சொல்லு" என்பார். கை நடுங்குவதால் கம்ப்யூட்டரில் தட்டுவதும் மனைவிதான்.

இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் பத்திரிகை ஆசிரியை இளம் பெண். அவள்தான் போன் செய்தாள். ஆவணக் காப்பகத்தில் 'ஈரத்துணி'யின் பிரதி ஒன்றைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சி. "நாம சேர்ந்தே போய்ப் பார்க்கலாம் சார். நான் படிச்சப்ப உங்க அந்த வரி எங்க வகுப்புல பாடமாவே இருந்துச்சு."

அன்று மாலையே மைத்துனன் வந்துவிட்டான். தலை முழுக்க வெளுத்திருந்தது. சட்டையை உள்ளே விட்டிருந்தான். எதையோ கேட்க வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கேள்விப்பட்டேன் அத்தான்."

"என்ன கேள்விப்பட்டே?"

"என் படத்தைப் போடறாங்க, நீங்க எழுதப் போறீங்கன்னு."

"எழுதறது என் வேலை, எழுதறேன். உன் வேலை எப்படிப் போகுது?"

"ஓடுது அத்தான். வராங்க, உக்கார்றாங்க, எடுக்கறேன்."

"இப்பதான் மச்சான் நீ ஒழுங்கா நடிப்பு வாங்கறே. ஒரு மூஞ்சியிலயும் மிகை கிடையாது."

மனைவி முதலில் சிரித்தாள். இந்த வீட்டில் எப்போதும் அவள்தான் முதலில் சிரிப்பாள். பிறகு மைத்துனனும் சிரித்தான்.

"ஒரு தயாரிப்பாளர் கிடைச்சிருக்கார்" என்றான் சிரிப்பு அடங்கியதும். "சின்னப் பையன். என் கதையைப் படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கலையாம். ஆனா வீட்ல அப்பா பழைய சினிமாக்காரர். என் பேரைச் சொன்னதும் உங்க வரியைச் சொல்லிச் சிரிச்சாராம். அதனால அவன் சொல்றான், உங்க அத்தான் மாத்தி எழுதட்டும் சார், மறுநாளே ஆரம்பிச்சுடலாம்னு."

"மாத்தி எழுதணும்."

"நல்லா இருந்தாத்தான் அத்தான். பொய் எழுதச் சொல்லல. பாருங்க, பாத்துட்டு எழுதுங்க. இந்த வயசுல இன்னொரு ஆள் என்னைத் தேடி வரமாட்டான்."

"பாக்கறேன்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். "நீயும் வாயேன்க்கா."

"முழங்கால் வலிடா. நான்தான் பாத்திருக்கேனே" என்றாள் அவள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காப்பகத்தின் அரங்கம் சின்னது. இடது பக்கம் ஆசிரியை, வலது பக்கம் மைத்துனன். இளம் வயதுக்காரர்கள் படிகளில்கூட உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதி அவர் ஞாபகத்தில் இருந்தபடியே இருந்தது. இடைவேளை என்று எழுத்து விழுந்ததும் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன.

"டீ வேணுமா சார்? நீங்க உக்காருங்க, நான் வாங்கிட்டு வரேன்" என்றாள் ஆசிரியை.

உட்கார்ந்தார். வேறு வழியில்லை. இடைவேளைக்குப் பிறகு விளக்கு எப்படி அணையும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பிற்பாதியில் அந்தக் கணவன் ஊரில் பெரிய பேச்சுக்காரன். பள்ளிக்கூட வாத்தியார். அவன் வாயைத் திறந்தால் சிரிப்பு என்று நண்பர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். விருந்தாளிகள் வருவதாக இருக்கிறது. மனைவி ஈரத்துணியால் நடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம். அதற்கும் மேலே அவன் குரல். சாப்பாட்டு மேசையில் சொல்லப்போகிற கிண்டலை அவன் சொல்லிப் பார்க்கிறான். ஒரு முறை வேகமாக. ஒரு முறை நிறுத்தி. பிறகு பெருமூச்சு விட்டு, இப்போதுதான் தோன்றியது போல. வெளியே அவள் துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்திருக்கிறாள். அது சொட்டுகிறது.

அரங்கம் சிரித்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விமர்சகருக்குக் காது சூடாகியது. இன்று காலையும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் சில வரிகளைச் சொல்லிப் பார்த்திருந்தார். அந்தப் பெருமூச்சு அவருடையது. அது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். எப்போதோ, சமையலறையில் எங்கேயோ, சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ.

திரையில் விருந்தாளிகள் வந்தார்கள். தட்டுகள் நிறைந்தன. கணவன் பெருமூச்சு விட்டான். "ஒண்ணு சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தான். பரிமாறிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே மிச்சத்தைச் சொன்னாள். அதே வார்த்தைகள், அதே நிறுத்தம். கடைசியில் அவன் தூக்குகிற அதே புருவம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு விருந்தாளி கவளத்தை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்தபடி அப்படியே இருந்தார். கேமரா கணவன் முகத்தை விட்டு நகரவில்லை. வெகு நேரம் நகரவில்லை. பிறகு அவன் சோற்றைப் பிசைந்தான். படம் முடிந்தது.

நல்ல காட்சி. விமர்சகர் தொழில் தெரியாதவர் அல்ல. தான் பார்த்ததிலேயே அது ஒரு நாலைந்தில் வரும் என்று அவருக்குத் தெரிந்துபோனது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

கைதட்டல் ஓய்ந்து படியிறங்கும்போது மைத்துனன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு நீங்க எழுதினதுக்கு நான் கோவிச்சுக்கவே இல்ல. உங்களுக்கு வலிச்சிருக்கும். உங்களை அப்படித் திரையில பாத்தா யாருக்குத்தான் வலிக்காது. வலியில எழுதிட்டீங்க. படம் மோசம்ங்கறதுக்காக எழுதலை. அதை நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

"பாத்து இறங்கு" என்றார் விமர்சகர்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குப்பைன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"குப்பையா அது?"

"இல்ல."

"விருந்தாளி வராங்க, சாப்பிடறாங்கன்னே."

"அதுவும் உண்மைதானே. ஒருத்தர் கவளத்தை நடுவுல பிடிச்சுக்கிட்டு இருப்பார் பாருங்க, வழுக்கை. அவர் மோவாயில ஒரு பருக்கை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை யாரும் எடுத்துவிட மாட்டாங்க. அந்தம்மா துணியைப் பிழியாமலே நிக்கறப்ப காலடியில தண்ணி சேர்ந்துக்கிட்டே வரும். எல்லாம் ஞாபகம் இருக்கு." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "பக்கத்துல உக்காந்திருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குக் கை சில்லுனு ஆயிடுச்சு. அவன் என்னைக் கேட்டானா? ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதைக் கொண்டுபோய் வெள்ளைத்துணியில காட்டிட்டான். நல்லா இருக்குனு நான் சொன்னா நீங்க ராத்திரி ஆட்டத்துக்குப் போய்ப் பாத்திருப்பீங்க. பாத்துட்டு இந்த வீட்டுக்குத்தானே வருவீங்க."

"அதனால தம்பியைக் குழியில தள்ளினே."

"தள்ளினது நீங்க. நான் குப்பைன்னுதான் சொன்னேன். வாசல்ல ரசிகர் நின்னதா நான் சொல்லல."

விமர்சகர் யோசித்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அன்று ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் ஐம்பது வருஷமும் போச்சு, பேராசிரியரின் கட்டுரை உட்பட. பார்த்துத்தான் அப்படி எழுதினேன் என்று சொன்னால் மச்சான் நாளைக்கே பேட்டியில் அத்தானுக்கு வலித்தது என்பான். ஊரே குளியலறைக் கதவில் காதை வைக்கும்.

"கம்ப்யூட்டரைத் திற" என்றார்.

முதல் பாதியை அவர் வானளாவப் புகழ்ந்தார். இளமை, சிக்கனம், ஒளி. அன்று அதற்கு நியாயம் செய்யவில்லை என்று தாராளமாக மன்னிப்பும் கேட்டார். மனைவி தடதடவென்று தட்டினாள். பிறகு பிற்பாதிக்கு வந்தார்.

"இடைவேளைக்குப் பிறகு இயக்குநரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பேச்சைத் தவிர. கலை தோற்ற இடத்தில் அவர் கோள் மூட்டுகிறார். அன்று சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு மனமில்லை. போட்டாச்சா?"

விரல்கள் நின்றிருந்தன. அவர் காத்திருந்தார். கெஞ்சுவாள் என்று நினைத்தார். கெஞ்சினால் ஒரு வேளை மாற்றலாம் என்றும் நினைத்தார்.

"'மனமில்லை'ங்கறது இளகின மாதிரி இருக்கு" என்றாள். "'அவசியம் இல்லை'ன்னு போட்டுடவா?"

"போடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. வெயில் ஏறியதும் மைத்துனனும் வந்தான். சட்டை வெளியே தொங்கியது. கோபமாக இல்லை. அதுதான் விமர்சகருக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து, அவரை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"தயாரிப்பாளர் போன் பண்ணினான். வேண்டாம்னுட்டான். பரவாயில்ல, விடுங்க." பிறகு மெதுவாக, "இன்னும் வலிக்குதா அத்தான்?" என்றான்.

விமர்சகர் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறார். ஒரு முறை ஒரு வில்லன் நடிகர் சட்டையைப் பிடித்திருக்கிறார். பரிதாபத்தை மட்டும் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. கொடுக்கிறவன் பாஸ்போர்ட் போட்டோக்காரன். அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு எதுக்குடா வலிக்கணும்? நான் அன்னிக்குப் பாக்கவே இல்ல. இடைவேளையில எழுந்து போயிட்டேன்."

"என்ன அத்தான்?"

"எந்தப் படத்துக்கும் நான் உக்காந்ததில்ல. பிற்பாதி முழுக்க உங்கக்கா பாத்துட்டுப் போன்ல சொல்லுவா, நான் எழுதுவேன். உன் படத்துக்கும் அவதான் சொன்னா. குப்பைன்னா. நான் அவ வாயைத்தான் அச்சுல போட்டேன்." அவர் பெருமூச்சு விடவில்லை. இதைச் சொல்லிப் பார்த்திருக்கவும் இல்லை. "கேட்டுக்கோ. இங்கதான் நிக்கறா."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஆமா" என்றாள்.

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள். மைத்துனன் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தான். கத்துவான், பேப்பரைக் கிழிப்பான், எழுந்து போய்விடுவான் என்று விமர்சகர் எதிர்பார்த்தார். அவன் நாற்காலியை அக்கா பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"நீ முழுசா பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. எழுபதை நெருங்கும் முகத்தில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. செய்த துரோகத்தைக் கேட்கவில்லை அவன். போன வாழ்க்கையைக் கேட்கவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"எந்த இடம்க்கா?"

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். வழுக்கை விருந்தாளியும் மோவாயில் ஒட்டிய பருக்கையும் காலடியில் சேர்ந்த தண்ணீரும் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தன. ஒன்றைச் சொன்னால் போதும். சொன்னால் அடுத்து குளியலறையைச் சொல்ல வேண்டிவரும், அவர் எதிரிலேயே.

"ஞாபகம் இல்லடா" என்றாள். "எத்தனை வருஷம் ஆச்சு."

"ஒரு இடமாவது?"

"இல்ல."

அவள் பொய் சொல்கிறாள் என்று விமர்சகருக்குத் தெரியும். அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாருக்கா" என்றான் மைத்துனன். "அவசரம் இல்ல. நான் இருக்கேன்."